வெளிநாட்டவர் ஓட்டிய கார், வெள்ளை நம்பர் பலகை, காலாவதியான அனுமதி: ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கின் ஆய்வு

பின்னணி

புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் மாநில எல்லையைப் பலமுறை கடக்கிறார்கள். முத்தியால்பேட்டை புதுச்சேரி. கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் விழுப்புரம் மாவட்டம். பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு மறுபடி புதுச்சேரி. ஆரோவில்லுக்கும் கடற்கரை விடுதிகளுக்கும் வரும் வெளிநாட்டவர் இந்தச் சாலையில் ஸ்கூட்டரும் காரும் ஓட்டுவது அன்றாடக் காட்சி. பெரும்பாலும் வண்டி விடுதியில் கிடைக்கும். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துள்ள, முறையாக அனுமதி பெற்ற வாடகை வண்டிகளும் உண்டு. அதைவிட, விடுதிக்காரரின் சொந்த வண்டி வெள்ளைப் பலகையோடு நாள் வாடகைக்குப் போவதுதான் அதிகம்.

இந்த ஆய்வில் வரும் விபத்து 2022-இன் பிற்பாதியில், விழுப்புரம் மாவட்ட எல்லைக்குள் நடந்தது. காயமடைந்தவர் புதுச்சேரியில் வசிக்கும் 38 வயது எலெக்ட்ரீஷியன். தனியாகத் தொழில் செய்பவர், வயர்மேன் சான்று வைத்திருப்பவர். காரை ஓட்டியவர் ஐரோப்பிய நாடொன்றின் குடிமகன், சுற்றுலா விசாவில் வந்தவர். கார் அவர் தங்கியிருந்த விடுதியின் உரிமையாளர் பெயரில் பதிவானது. நடப்பிலிருந்த காப்பீடு, சொந்த உபயோகத்துக்கான தனியார் கார் பாலிசி. ஆள்களின் பெயர், நிறுவனங்களின் பெயர் எல்லாம் இங்கே விடப்பட்டுள்ளன.

வெளிநாட்டவர் மோதிவிட்டார் என்றதும் வீட்டார் மனது தூதரகம், பாஸ்போர்ட், அந்த நாட்டு இன்சூரன்ஸ் என்று எங்கெங்கோ ஓடும். இழப்பீடு வந்து சேரும் வழி அந்தப் பக்கமே இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 146-ஆம் பிரிவுப்படி கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு வண்டியைச் சேர்ந்தது. ஓட்டியவர் எந்த நாட்டுக்காரர் என்பதால் அந்தக் காப்பீடு மாறுவதில்லை. அவர் வெளிநாட்டவர் என்பதால் சிக்கலாவது மூன்றே விஷயங்கள்: ஓட்டுநர் உரிமம், சம்மன் போய்ச் சேரும் முகவரி, அவர் விமானம் ஏறும் தேதி. இந்த வழக்கில் மூன்றுமே சிக்கலாயின.

விபத்து நடந்த விதம்

காலை ஏழு மணிக்குச் சற்று முன். எலெக்ட்ரீஷியன் மோட்டார் சைக்கிளில் வடக்கிலிருந்து புதுச்சேரி நோக்கி, சாலையின் கிழக்குப் பாதியில், அதாவது தன் இடப்பக்கத்தில் வந்துகொண்டிருந்தார். மேற்கே ஆரோவில் பக்கமிருந்து வரும் கிளைச் சாலையிலிருந்து கார் வடக்கு நோக்கித் திரும்பியது. திரும்பியதும் மேற்குப் பாதியிலேயே போயிருக்க வேண்டும். சாலையைக் கடந்து கிழக்குப் பாதிக்கு வந்து, நேருக்கு நேர் மோதியது.

வலப்பக்கம் ஓட்டும் நாட்டிலிருந்து வருபவர்கள் நேர்ச்சாலையில் முன்னால் போகும் வண்டிகளைப் பார்த்து இடப்பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆளில்லாத சாலையில், அதுவும் திருப்பத்தில், கை பழைய பழக்கத்துக்குப் போய்விடுகிறது. காலை நேரம், முன்னால் வேறு வண்டி இல்லை.

வலது முழங்காலுக்குக் கீழ் இரண்டு எலும்பும் முறிந்து வெளியே தெரிந்தன. இடது மணிக்கட்டிலும் முறிவு. ஓட்டுநர் தப்பி ஓடவில்லை. ஆம்புலன்ஸுக்கு அழைத்ததே அவர்தான். 134-ஆம் பிரிவு ஓட்டுநருக்கு விதிக்கும் கடமையை அவர் அந்த அளவில் செய்தார் என்பதைப் பதிவுசெய்ய வேண்டும்.

முதல் மூன்று நாள்

ஆம்புலன்ஸ் பக்கத்திலிருந்த புதுச்சேரி மருத்துவமனைக்கே போனது. உயிர் காக்க அதுவே சரி. ஆனால் தமிழ்நாட்டு அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் பட்டியலிடப்பட்ட மருத்துவமனை அது இல்லை. அதனால் முதல் 48 மணி நேரச் செலவும் வீட்டார் தலையில் விழுந்தது.

விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். காப்பியில், “கார் மோதியதாகக் கூறப்படுகிறது” என்று எழுதப்பட்டது. வண்டி எண் இல்லை. உடன் வந்தவருக்கு எண் தெரியவில்லை. இதில் ஓரளவு அதிர்ஷ்டமும் இருந்தது. பதற்றத்தில் தூக்கிவரும் ஆள் “பைக்கிலிருந்து விழுந்துட்டார்” என்று சொல்லி, டியூட்டி டாக்டர் அதையே எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அந்த ஒரு வரியை வைத்தே காப்பீட்டு நிறுவனம் “இது தானாக விழுந்த விபத்து” என்று இரண்டு ஆண்டு வாதாடும்.

அன்று மாலையே விடுதி உரிமையாளர் மருத்துவமனைக்கு வந்தார். 50,000 ரூபாய் கொடுப்பதாகவும், காவல் நிலையத்தில் “புகார் வேண்டாம்” என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்றும் பேசினார். வீட்டார் மறுத்தார்கள். அப்போது அவர்களிடம் இருந்த காரணம் கோபம்தான். ஆனாலும் முடிவு சரியானது. எஃப்.ஐ.ஆர். இல்லாமல் ஸ்டேஷனிலேயே பேசி முடித்த விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்டால், வண்டி சம்பந்தப்பட்டது என்பதையே முதலிலிருந்து நிரூபிக்க வேண்டியிருக்கும். அறுவைச் சிகிச்சை முடியும் முன் காயத்தின் விலை யாருக்கும் தெரியாது என்பது இரண்டாவது காரணம். இந்த வழக்கில் மருத்துவச் செலவு மட்டுமே அந்த 50,000-ஐப் போல் நான்கு மடங்குக்கு மேல் போனது.

புகாரை மறுநாள் மைத்துனர் கொடுத்தார். அவர் விபத்தை நேரில் பார்த்தவர் இல்லை. “வெள்ளைக்காரர் குடிபோதையில், விடுதியின் வாடகைக் காரை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து” என்று எழுதினார். இந்த ஒரே வாக்கியத்தில் காப்பீட்டு நிறுவனத்துக்கு இரண்டு ஆயுதங்கள் கிடைத்தன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் 150-ஆம் பிரிவில் குடிபோதை ஓட்டுதல் நிறுவனத்தின் எதிர்வாதங்களில் ஒன்று. தனியார் பாலிசி வண்டியை வாடகைக்கு விட்டது இன்னொன்று. காவல்துறைச் சோதனையில் மது இல்லை என்று வந்ததால் முதலாவது அப்படியே உதிர்ந்தது. இரண்டாவது நின்றது. வாடகை என்பது உண்மைதான், விசாரணையில் எப்படியும் வெளிவந்திருக்கும். ஆனால் மைத்துனருக்கு நேரடியாகத் தெரியாத ஒன்றை வழக்கின் முதல் தாளிலேயே எழுதவேண்டிய தேவை எதுவும் இருக்கவில்லை. இடம், நேரம், வண்டி எண், எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் வந்து மோதியது, யார் எங்கே சேர்க்கப்பட்டார் என்பவையே புகாருக்குப் போதும்.

வழக்கு அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டம் 279, 338 பிரிவுகளில் பதிவானது. 2024 ஜூலை 1-க்குப் பின் நடக்கும் விபத்துகளுக்கு இவற்றின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125(பி) வரும்.

ஓட்டுநர் ஊரைவிட்டுப் போகும் முன்

இவை ஜாமீனில் விடக்கூடிய குற்றங்கள். ஓட்டுநர் அன்றே நிலைய ஜாமீனில் வந்தார். அவரைப் போகவிடாமல் தடுக்க முடியுமா என்று வீட்டார் ஒரு வாரம் அலைந்தார்கள். தூதரகத்துக்கும் கடிதம் போனது. “இது தனிநபர் விவகாரம், தூதரகம் பொறுப்பேற்காது” என்ற பொருளில் பதில் வந்தது. எந்தத் தூதரகமும் இதைத்தான் எழுதும். அவருடைய பயணக் காப்பீட்டை விசாரித்ததிலும் ஒரு வாரம் போனது. பயணக் காப்பீடுகளில் பிறருக்கான பொறுப்பு என்று ஒரு பிரிவு இருந்தாலும், மோட்டார் வண்டி ஓட்டியதால் வருவதை அது பொதுவாக விலக்கியே வைத்திருக்கும். ஐரோப்பாவின் ‘கிரீன் கார்டு’ ஏற்பாட்டில் இந்தியா இல்லை. ஆகவே அவருடைய சொந்த நாட்டு வாகனக் காப்பீடும் இங்கே செல்லாது.

அந்த இரண்டு வாரத்தில் பயன்பட்டது ஒன்றே ஒன்று. வழக்கறிஞர் ஒருவரின் யோசனைப்படி, விசாரணை அதிகாரியிடம் எழுத்து மூலம் மனு கொடுத்து, ஓட்டுநரின் ஆவணங்களை வழக்குக் கோப்பில் சேர்க்கக் கேட்டார்கள். சேர்க்கப்பட்டவை: பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கம், விசா, இந்தியாவுக்குள் வந்த முத்திரை, சொந்த நாட்டு லைசென்ஸின் இருபுறமும், ‘இன்டர்நேஷனல் லைசென்ஸ்’ எனப்படும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியின் அட்டையும் தேதியுள்ள பக்கமும், சொந்த நாட்டு முகவரி, மின்னஞ்சல். இவற்றைக் கேட்டுப் பெற ஓட்டுநர் ஊரில் இருக்க வேண்டும் என்பதுகூட அவசியமில்லை. வெளிநாட்டவர் தங்கிய 24 மணி நேரத்துக்குள் விடுதி, அப்போது ‘படிவம் சி’ எனப்பட்ட படிவம் மூலம் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குத் தகவல் அனுப்ப வேண்டும். பாஸ்போர்ட் எண்ணும் வெளிநாட்டு முகவரியும் அதிலேயே இருக்கும். ஓட்டுநர் போய்விட்டார் என்று கைவிரிக்கும் நிலையத்தில் இந்தப் படிவத்தைச் சுட்டிக்காட்டலாம்.

ஆவணங்களில் ஒரு சிக்கல் தெரிந்தது. அவருடைய பன்னாட்டு அனுமதி வழங்கிய நாளிலிருந்து ஓராண்டு செல்லும். விபத்து நாளில் அது காலாவதியாகி ஐந்து வாரம் ஆகியிருந்தது. சொந்த நாட்டு லைசென்ஸ் நடப்பில் இருந்தது. விபத்துக்குப் பின் 19-ஆம் நாள் ஓட்டுநர் நாடு திரும்பினார்.

மனுவுக்கு முன்

காரின் பதிவெண்ணை மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் போட்டதும் காப்பீட்டு நிறுவனம், பாலிசி முடியும் தேதி இரண்டும் கிடைத்தன. எஃப்.ஐ.ஆர். நகலை இணைத்து நிறுவனத்துக்குப் பதிவு அஞ்சலில் தகவல் அனுப்பப்பட்டது.

2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, காவல்துறை 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கை, 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் விரிவான விபத்து அறிக்கை தர வேண்டும். ஓட்டுநரும் உரிமையாளரும் 30 நாளில் தத்தம் படிவங்களை நிரப்பித் தர வேண்டும். விரிவான அறிக்கை மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனால் அதையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளவும் சட்டத்தின் 166(4) பிரிவு இடம் தருகிறது. நடைமுறையில் இந்த வழக்கில் முதல் அறிக்கை மட்டும் நேரத்துக்கு வந்தது. 90-ஆம் நாளிலும் விரிவான அறிக்கை வரவில்லை.

காத்திருப்பதா, தனியாக மனு போடுவதா? அதே ஏப்ரல் 1 முதல் 166(3)-உம் நடப்புக்கு வந்துவிட்டது: விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு. அந்தக் காலவரம்பை எதிர்த்து வழக்குகள் உண்டு. ஆனால் அவற்றின் முடிவை நம்பி ஒருவரின் காலை அடமானம் வைக்க முடியாது. நான்காம் மாதத்தில் தனி மனு தாக்கலானது.

இடையில், நாற்பதாம் நாள் வாக்கில், காப்பீட்டு நிறுவனத்தின் புலனாய்வாளர் வீட்டுக்கு வந்தார். காயமடைந்தவர் உள்ளறையில் படுத்திருக்க, அவருடைய தந்தையிடம் பேசி, தட்டச்சு செய்த தாளில் கையெழுத்து வாங்கிப் போனார். “மகனுக்கு மாதம் ஒன்பதாயிரம் வரும்” என்று அதில் இருந்தது பிறகுதான் தெரிந்தது. வேலை குறைந்த மாதத்தை நினைத்து முதியவர் சொன்ன தொகை அது. புலனாய்வாளரிடம் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. பேசினாலும் கையெழுத்திடும் தாளின் நகலைக் கையோடு வாங்கிவிட வேண்டும்.

எங்கே, யார்மீது

விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம் ஆகியவற்றில் எந்தத் தீர்ப்பாயத்திலும் மனு போடலாம். எஃப்.ஐ.ஆர். விழுப்புரம் மாவட்டத்தில் என்றாலும் மனு புதுச்சேரியில் போடப்பட்டது. ஊன்றுகோலோடு விழுப்புரத்துக்கு வாய்தாவுக்கு வாய்தா போய்வருவதைத் தவிர்ப்பதே நோக்கம். சிகிச்சை தந்த மருத்துவர்களும் புதுச்சேரியில்தான் இருந்தார்கள். இரண்டு ஊர்த் தீர்ப்பானாலும் மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்துக்கே என்பதால் இதில் இழப்பில்லை. விலை ஒன்று உண்டு. இறுதி அறிக்கை, வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை ஆகியவற்றை விழுப்புரம் மாவட்டக் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து சான்றிட்ட நகலாக ஒவ்வொன்றாகப் பெற வேண்டியிருந்தது.

அடுத்தது எதிர்மனுதாரர்கள் யார் என்பது. இந்தப் பகுதி நடைமுறையில் உரிமையாளரையும் காப்பீட்டு நிறுவனத்தையும் மட்டும் சேர்த்துவிட்டு ஓட்டுநரை விட்டுவிடுவது வழக்கம். சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவர் என்றால் இது பெரும்பாலும் போதும். வேலைக்காரர் செய்த தவறுக்கு முதலாளி பொறுப்பு, முதலாளிக்காக நிறுவனம் கட்டும். வெளிநாட்டில் இருக்கும் ஆளுக்குச் சம்மன் அனுப்பும் தொல்லை வேண்டாமென்று இந்த வழக்கிலும் அதே வடிவம் பின்பற்றப்பட்டது.

வழக்கில் நடந்த மிகப் பெரிய தவறு இது. வண்டியை வாங்கிப் போய்த் தன் காரியத்துக்காக ஓட்டும் விருந்தாளி உரிமையாளரின் வேலைக்காரர் இல்லை. அவருடைய அஜாக்கிரதைக்கு உரிமையாளர் எந்த வகையில் பொறுப்பு என்ற கேள்வி உடனே எழும். பாலிசியோ உரிமையாளர் அனுமதியோடு, செல்லும் லைசென்ஸோடு ஓட்டும் எவருக்கும் பாதுகாப்புத் தருகிறது. ஆகவே ஓட்டுநரையே பொறுப்பாளியாக்கி, அவர் பொறுப்பை நிறுவனத்தின்மேல் ஏற்றுவதே நேர் வழி. அதற்கு அவர் வழக்கில் இருந்தாக வேண்டும்.

எதிருரை

விடுதி உரிமையாளர் ஆஜராகவில்லை. அவர் இல்லாமலே வழக்கை நடத்தும் ஒருதலைப்பட்ச உத்தரவு அவர்மீது ஆனது. உடனே நிறுவனம் 170-ஆம் பிரிவில் அனுமதி பெற்று, உரிமையாளர் எழுப்பியிருக்கக்கூடிய எல்லா வாதங்களையும் தானே எடுத்துக்கொண்டது. ஒன்பதாம் மாதத்தில் வந்த எதிருரையில், அதாவது நிறுவனத்தின் பதில் மனுவில், நான்கு வாதங்கள் கனமானவை. ஓட்டுநருக்கு இந்தியாவில் செல்லும் உரிமம் இல்லை. தனியார் பாலிசி வண்டி வாடகைக்கு விடப்பட்டது. ஓட்டுநர் சேர்க்கப்படவில்லை, அவர் உரிமையாளரின் ஊழியரும் இல்லை. மனுதாரர் ஹெல்மெட் அணியவில்லை, வேகமாகவும் வந்தார்.

கடைசி வாதம் சீக்கிரமே கரைந்தது. காயம் காலிலும் கையிலும். ஹெல்மெட் போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் கால் முறிந்திருக்கும். மோதிய இடம் சாலையின் கிழக்குப் பாதியில், தார் விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் என்று காவல்துறையின் ரஃப் ஸ்கெட்ச் காட்டியது. மனுதாரர் தன் பக்கத்தில் வந்தார் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி தேவைப்படவில்லை.

ஏழு மாதத் தேக்கம்

மூன்றாவது வாதத்துக்குப் பதிலாக, பத்தாம் மாதத்தில் ஓட்டுநரைச் சேர்க்க மனு போடப்பட்டது. ஆறு மாதம் தாண்டிவிட்டது என்று நிறுவனம் ஆட்சேபித்தது. மூல மனு காலத்துக்குள் வந்ததால் தீர்ப்பாயம் சேர்ப்பை அனுமதித்தது.

பிறகு சம்மன். வெளிநாட்டில் இருப்பவருக்கு நீதிமன்ற ஆவணம் சேர்ப்பதற்கான 1965-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2006-இல் சேர்ந்தது. வழி இது: தீர்ப்பாயத்தின் கோரிக்கை தில்லியில் சட்ட அமைச்சகத்தின் சட்ட விவகாரத் துறைக்குப் போகும். அங்கிருந்து அந்த நாட்டின் மைய அதிகார அமைப்புக்கு. அது உள்ளூர் முறைப்படி ஆளிடம் சேர்த்துச் சான்று அனுப்பும். உடன்படிக்கையின் மாதிரிப் படிவம், சம்மன், மனு எல்லாம் இரண்டிரண்டு பிரதி, அந்த நாட்டு மொழியில் சான்றிட்ட மொழிபெயர்ப்போடு. மொழிபெயர்ப்புக்கு மட்டும் 22,000 ரூபாய் ஆனது. மனுவோடு 60 பக்க மருத்துவக் காகிதங்களையும் மொழிபெயர்க்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தியதால்தான் அந்த அளவிலாவது நின்றது. முதல் முறை அனுப்பியது, முகவரியில் அஞ்சல் குறியீடு விடுபட்டதால் தில்லியிலிருந்தே திரும்பியது. சம்மன் சேர்ந்ததற்கான சான்று வந்தது பதினேழாம் மாதத்தில்.

ஓட்டுநர் ஆஜராகவில்லை. அவர்மீதும் ஒருதலைப்பட்ச உத்தரவு. அவரிடமிருந்து பணம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவர் பெயர் வழக்கில் இருந்தால் போதும்.

குற்றவியல் வழக்கு ஓட்டுநர் வராததால் நிலுவையிலேயே நின்றது. இழப்பீட்டு வழக்குக்கு அது தடையில்லை. இங்கே எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்ற அளவுகோலே போதும். காவல்துறையின் இறுதி அறிக்கை ஓட்டுநரைக் குற்றஞ்சாட்டியிருந்ததும் துணை நின்றது.

வருமானமும் ஊனமும்

மனுதாரர் மாதம் 25,000 என்று சொன்னார். நிறுவனம் தந்தையின் கையெழுத்துத் தாளைக் காட்டி 9,000 என்றது. வருமான வரிக் கணக்கு இல்லை. உதவியவை: வயர்மேன் சான்று, விபத்துக்கு முந்தைய 14 மாதத்து ஜிபே வரவுகள், எலெக்ட்ரிக்கல் கடையின் கணக்கு நோட்டில் அவர் பெயரிலிருந்த கொள்முதல் பக்கங்கள். கடைக்காரர் சாட்சி சொல்ல வந்தார். தந்தை குறுக்கு விசாரணையில், தாளைப் படித்துக் காட்டவில்லை என்றார். தீர்ப்பாயம் 15,000-ஐ ஏற்றது.

ஊனத்தில்தான் பணத்தின் பெரும்பகுதி இருக்கிறது, பல வழக்குகள் கோட்டைவிடுவதும் இங்கேதான். மருத்துவக் குழு வலது காலுக்கு 30 விழுக்காடு நிரந்தர ஊனம் என்று சான்று தந்தது. ஒரு காலின் 30 விழுக்காடு முழு உடலுக்கு மூன்றில் ஒரு பங்கு, ஆகவே 10 என்றது நிறுவனம். ராஜ்குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு. மருத்துவ ஊனம் எவ்வளவு என்பதோடு நிற்காமல், அந்த ஊனத்தால் அந்த மனிதரின் அந்தத் தொழிலில் சம்பாத்தியம் எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும். ஆகவே மருத்துவரிடம் கேட்ட கேள்விகள் தொழிலை ஒட்டி அமைந்தன. ஏணியில் நின்றபடி இரண்டு கையாலும் வேலை செய்ய முடியுமா? முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது? குந்தி உட்கார்ந்து சுவரின் அடிப்பகுதியில் சாக்கெட் பொருத்த முடியுமா? மேஜைமேல் ரிப்பேர் வேலை பார்க்கலாம், ஏணி ஏறி வயரிங் செய்வது கடினம் என்று மருத்துவர் சொன்னார். தொழில்வழி ஊனம் 20 விழுக்காடு என்று முடிவானது.

தீர்ப்பும் பணமும்

சுயதொழில், 40 வயதுக்குக் கீழ் என்பதால், பிரணய் சேத்தி வழக்கின் (2017) அளவுப்படி எதிர்கால வளர்ச்சிக்கு 40 விழுக்காடு கூட்டி மாதம் 21,000, ஆண்டுக்கு 2,52,000. சரளா வர்மா வழக்கின் (2009) அட்டவணையில் 36 முதல் 40 வயதுக்கு ஆண்டு வருமானத்தைப் பெருக்கும் எண் 15. பெருக்கி வந்ததில் 20 விழுக்காடு 7,56,000 ரூபாய். மருத்துவச் செலவு 1,84,000. ஆறு மாத வருமான இழப்பு 90,000. வலிக்கும் வேதனைக்கும் 60,000, வாழ்க்கை வசதி இழப்புக்கு 40,000, கவனித்துக்கொண்டவருக்கு 25,000, சத்துணவுக்கும் போக்குவரத்துக்கும் 15,000 வீதம், உள்ளே வைத்த கம்பியைப் பிற்பாடு எடுக்க 35,000. மொத்தம் 12,20,000. கடைசித் தொகை நீங்கலாக, மனுத் தேதியிலிருந்து 7.5 விழுக்காடு வட்டி.

மருத்துவச் செலவாகக் கேட்டது 2,31,000. குறைந்த 47,000-இல் பாதிக்கு மேல், நோயாளி பெயரில்லாத மருந்துக் கடை பில்கள். மீதி, அசல் தொலைந்து ஜெராக்ஸ் மட்டும் இருந்தவை.

உரிம வாதத்தில் நிறுவனம் பாதி வென்றது. உரிமம் இல்லை என்று காட்டினால் மட்டும் போதாது, உரிமையாளர் கவனமில்லாமல் விட்டார் என்பதையும் நிறுவனமே நிரூபிக்க வேண்டும் என்பது ஸ்வரண் சிங் வழக்கில் (2004) உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி. இங்கே விடுதிக் கோப்பிலேயே அந்த அனுமதியின் நகல், காலாவதித் தேதி தெளிவாகத் தெரிய, இருந்தது. உரிமையாளர் அதைப் பார்த்தும் சாவியைக் கொடுத்திருக்கிறார். வாடகைக்கு விட்டதும் மெய்ப்பட்டது. ஆகவே “முதலில் நிறுவனம் கட்டட்டும், பிறகு உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளட்டும்” என்று உத்தரவு. இத்தகைய மீறல்களில் நிறுவனத்தை முழுவதுமாக விடுவித்துவிடும் தீர்ப்புகளும் உண்டு. அப்படி ஆகியிருந்தால் மனுதாரர் விடுதிக்காரரின் சொத்தைத் தேடி நிறைவேற்று மனு போட வேண்டியிருந்திருக்கும்.

தொகையைக் கட்ட 168(3) பிரிவு தரும் அவகாசம் 30 நாள். நிறுவனம் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டது. மேல்முறையீடு செய்யவில்லை. மனு போட்ட 26-ஆம் மாதத்தில் தொகை வைப்பானது, வட்டி மட்டும் ஏறத்தாழ 1,92,500. ஒரு பகுதி வங்கி வைப்புநிதியில் போடப்பட்டது, மீதி மனுதாரரின் சொந்தக் கணக்குக்கு நேராகப் போனது. நிறுவனம் இப்போது விடுதி உரிமையாளர்மீது வசூல் நடவடிக்கையில் இருக்கிறது. நாள் வாடகை 1,500 ரூபாய்க்குக் கொடுத்த கார் அது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

வண்டியை ஓட்டியவர் உரிமையாளரும் இல்லை, அவருடைய ஊழியரும் இல்லை என்றால், முதல் நாளே அவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். அவர் இந்தியாவில் இருக்கும்போதே மனு போட்டுவிட்டால் சம்மன் விடுதி முகவரிக்கே போகும். எஃப்.ஐ.ஆரும் ஏ.ஆர். காப்பியும் கையில் இருந்தால் மனு போடலாம். ஊனச் சான்று, பில்கள், கேட்கும் தொகை ஆகியவற்றைப் பிறகு சேர்க்கவும் திருத்தவும் வழி உண்டு. இந்த வழக்கில் தூதரகத்துக்கும் பயணக் காப்பீட்டுக்கும் போன அந்த இரண்டு வாரம் இதற்குப் போதுமானதாக இருந்திருக்கும். ஏழு மாதமும் 22,000 ரூபாயும் மிஞ்சியிருக்கும்.

புகாரை நேரில் பார்த்தவர் எழுத வேண்டும். அந்தக் காலை, எதிரே டீக்கடை திறந்துகொண்டிருந்தவர் பார்த்திருந்தார். அவர் பெயர் வழக்குக்குள் வந்ததே மூன்றாம் வாரத்தில்தான்.

மருத்துவமனையில் ஏ.ஆர். எழுதும்போது வண்டி எண் தெரியாவிட்டாலும் “எதிரே வந்த கார் மோதியது” என்ற அளவுக்கு எழுதவைத்து, டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அதே வாசகம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு மருந்து பில்லிலும் நோயாளி பெயர், தேதி. அசல்கள் ஒரே உறையில். சொந்த மருத்துவக் காப்பீட்டுக்கு அசலைக் கொடுக்க நேர்ந்தால், அந்த நிறுவனம் சான்றிட்ட நகலைப் பெற்ற பிறகே கொடுக்க வேண்டும்.

வண்டியே வெளிநாட்டுப் பதிவெண்ணோடு வந்ததாக இருந்தால் பாதை கொஞ்சம் மாறும். தரைவழியாக வரும் பயணிகள் காட்டும் ‘கார்னே’ என்பது சுங்கத்துறைக்கான உறுதிப் பத்திரம் மட்டுமே, அதில் காப்பீடு கிடையாது. அத்தகைய வண்டியில் நடப்பிலுள்ள காப்பீட்டுப் பத்திரம் இருந்தாக வேண்டும் என்று 2022-இன் மத்திய விதிகள் சொல்கின்றன, ஆங்கிலத்தில் இல்லையென்றால் மொழிபெயர்ப்போடு. அந்தப் பத்திரம் காவல் நிலையத்தில் வண்டியோடு இருக்கும்போதே நகலெடுக்க வேண்டும். பரிவாகன் தளத்தில் அந்த வண்டியைத் தேடினால் எதுவும் வராது.